வாத்தியாரைக் கேளுங்கள்: கைக்குப் போன ரத்தம் திரும்பி வருமா?

உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று அந்தக் காலத்தில் என்ன நினைத்தார்கள் என்பது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வந்தவற்றில் நான்குக்கு இங்கே பதில். வேலூர் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் 31 வருடம் உயிரியல் நடத்தியவன் நான். இதைவிடப் பிடித்த பேச்சு எனக்குக் கிடையாது.

கேள்வி: நன்னிமாவுக்கு (பாட்டிக்கு) இருமலும் மூச்சு இரைப்பும். ஹக்கீம் 'பல்கம் ஜாஸ்தி' என்கிறார். சித்த வைத்தியர் 'ஐயம் கூடிவிட்டது' என்கிறார். இரண்டும் ஒன்றா? - ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: முதலில் நன்னிமாவை ஒரு டாக்டரிடம் காட்டி நெஞ்சைச் சோதித்துவிடுங்கள். மூச்சு இரைப்பை அப்படியே விடக்கூடாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பல்கம், ஐயம் இரண்டுமே கபம்தான். ஆனால் கணக்கு வேறு. சித்தத்தில் வாதம், பித்தம், ஐயம் என்று மூன்று. வள்ளுவரும் 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்கிறார். ஹக்கீம் பார்க்கிற யுனானி வைத்தியத்தில் நான்கு: தம் என்கிற ரத்தம், பல்கம், சஃப்ரா என்கிற மஞ்சள் பித்தம், சவ்தா என்கிற கரும்பித்தம். நம் கணக்கில் முதலில் நிற்கிற காற்று அந்த நான்கில் இல்லை. அவர்கள் முதலில் வைக்கிற ரத்தம் நம் மூன்றில் இல்லை. மிஞ்சினாலும் குறைந்தாலும் நோய் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு.

யுனானி என்ற பெயரே கிரேக்கத்தைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. என் சின்ன வயதில் ஆம்பூரில் அப்பாவுக்குச் சிநேகிதராக ஒரு ஹக்கீம் இருந்தார். நாடி பார்த்துக்கொண்டே 'ஜாலினூஸ் இப்படித்தான் சொல்லியிருக்கார்' என்பார். நான் ஜாலினூஸ் என்பவர் பக்கத்துத் தெருவில் இருக்கிற இன்னொரு ஹக்கீம் என்று நினைத்திருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அவர் ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த கேலன், 2-ஆம் நூற்றாண்டுக்காரர். கிரேக்கத்திலிருந்து அரபிக்குப் போய், பாரசீகம், உருது வழியாக அந்தப் பெயர் எங்கள் திண்ணை வரை வந்திருக்கிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: 'ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹார்வி, 1628' என்று மகன் படிக்கிறான். வெட்டுப்பட்டால் ரத்தம் ஓடுவது எல்லோருக்கும் தெரியுமே, இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? - லுங்கி நெசவாளர், குடியாத்தம்

பதில்: நியாயமான கேள்வி. ஓடுவது தெரியும். போன ரத்தம் திரும்பி வருகிறது என்பதுதான் தெரியாது.

ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் கால்வாயில் ஓடிக் கழனியில் பாயும். பயிர் குடித்துவிடும். அது மறுபடி ஏரிக்கு ஏறாது. கேலன் உடம்பை இப்படித்தான் பார்த்தார். சாப்பிட்டது கல்லீரலில் ரத்தமாகிறது, கைகாலுக்குப் பாய்கிறது, சதை அதைக் குடித்துத் தீர்க்கிறது, அப்புறம் அடுத்த வேளைச் சாப்பாட்டில் புது ரத்தம். இதில் கொஞ்சம், இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக வலப்பக்கமிருந்து இடப்பக்கம் கசிகிறது என்றும் சொன்னார்.

கேலனைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. வாளோடு களத்தில் மோதுகிற வீரர்களின் காயங்களைப் பார்த்துப் பழகியவர். தமனிக்குள், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகிற குழாய்க்குள், இருப்பது காற்று என்று பெரியவர்கள் சொல்லி வந்தபோது, இல்லை ரத்தம்தான் என்று காட்டியவர். மனிதப் பிணத்தை அறுக்க அன்று வழி இல்லாததால் குரங்கையும் பன்றியையும் அறுத்தார். அங்கே கண்டதை மனிதனுக்கும் சொல்லிவிட்டார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று அவர் எழுதியதை, 1543-ல் உடற்கூறு அறிஞர் வெசேலியஸ் மனித உடலை அறுத்துப் பார்த்து ஒன்றுதான் என்று திருத்தினார். நடுச்சுவரில் துளையே இல்லை, ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டுதான் இடப்பக்கம் வருகிறது என்று, டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் பார்த்த இப்னு அன்-நஃபீஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் படி 1924-ல் பெர்லின் நூலகம் ஒன்றில் கிடைக்கும் வரை அதைப் பெரும்பாலானவர்கள் கவனிக்கவில்லை. பாடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரியாவது வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஹார்வி போட்டது ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்புக்கு இதயம் எவ்வளவு வெளியே தள்ளுகிறது, அரைமணி நேரத்தில் எத்தனை துடிப்பு? எவ்வளவு குறைத்துப் போட்டாலும் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தத்தையும் அது மிஞ்சியது. இன்றைய அளவில் சொல்கிறேன்: துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஏறக்குறைய 5 லிட்டர். பெரியவர் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். ஒரு நாளைக்கு 7,000 லிட்டர், ஒரு தண்ணீர் லாரி அளவு! இவ்வளவையும் தினம் புதிதாகச் செய்ய யாரால் சாப்பிட முடியும்? அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றி வரவேண்டும்.

அப்புறம் கையில் காட்டினார். குடியாத்தத்தில் வேலை பார்த்தபோது, பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு நெசவாளரிடம் கேட்டு, அவர் கையிலேயே இதை நான் செய்து காட்டினேன். ஒல்லியான கை, தறியில் உழைத்து முறுக்கேறியது. முழங்கைக்கு மேலே துண்டால் ஓரளவு இறுக்கிக் கட்டினோம். முன்கையில் நரம்பு புடைத்தது. (நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிற குழாய். பாடத்தில் நரம்பு என்றால் வேறு.) அதில் அங்கங்கே சின்ன முடிச்சுகள் எழும்பின. மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை மேல்நோக்கி வழித்து, அடுத்த முடிச்சைத் தாண்டி விட்டேன். நடுவில் சிரை தட்டையாகிவிட்டது. மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தால் ரத்தம் முடிச்சோடு நின்றது. கீழ்விரலை எடுத்ததும் சரேலென்று நிரம்பியது. முடிச்சு என்பது வால்வு. இதயத்தை நோக்கிப் போக மட்டும் வழிவிடும். அந்த மனிதர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத்தனை வருஷமா இது என் கையிலேயே இருந்திருக்கே சார்" என்றார். உங்கள் மகனோடு செய்து பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்க வேண்டாம்.

தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிக் கடக்கிறது என்பதை மட்டும் ஹார்வியால் பார்க்க முடியவில்லை. 1657-ல் இறந்துவிட்டார். நான்கே வருடத்தில், 1661-ல், மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து, இரண்டையும் இணைக்கிற மெல்லிய குழாய்களான தந்துகிகளைக் கண்டார்.

கேள்வி: மனசு நெஞ்சிலா, தலையிலா? - பிளஸ் டூ மாணவி, ஆற்காடு

பதில்: அரிஸ்டாட்டில் நெஞ்சு என்றார், மூளை ரத்தத்தைக் குளிர வைக்கிற உறுப்பு என்று நினைத்தார். எகிப்தியர் பிணத்தைப் பதப்படுத்தும்போது இதயத்தைப் பத்திரமாக உள்ளேயே வைத்து, மூளையை மூக்கு வழியாக எடுத்துப் போட்டார்கள். கேலன், கத்துகிற பன்றியின் கழுத்தில் குரல்வளைக்குப் போகிற நரம்பைத் துண்டித்தார். கத்தல் நின்றது. குரலை ஆள்வது நெஞ்சல்ல, மூளை என்பதற்கு அவர் காட்டிய சாட்சி அது. பரீட்சையில் மூளை என்றே எழுதும்மா.

கேள்வி: பெரியப்பாவுக்குத் தொழுநோய் குணமாகிப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் பாதத்தில் புண் வந்துகொண்டே இருக்கிறது. நோய் இன்னும் சதையைத் தின்கிறதா? - ஒரு வாசகர், காட்பாடி

பதில்: தின்னவில்லை. தொழுநோய் சதையைத் தின்னும், விரல் அழுகி விழும் என்று ஊரே நம்பியது. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் பாடம் நடத்தினேன். பிள்ளைகளைக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போன அன்றுதான் திருந்தினேன். நான் தவறாகச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

இந்த எண்ணத்தை மாற்றிய வேலை நம் வேலூரில் நடந்தது. கொல்லிமலையில் வளர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-ல் இங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியோடு கைகுலுக்கியபோது, அந்தப் பிடி வலிக்கிற அளவு இறுகியது. செத்த கை என்றால் இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. கிருமி நரம்பைத்தான் கெடுக்கிறது, அதுவும் தோலுக்கு அருகில், குளிர்ச்சியான இடங்களில். முழங்கை இடித்தால் 'கரண்ட் அடிக்கிற' இடம் இருக்கிறதே, அந்த நரம்பு அதில் ஒன்று. முன்கையின் பெரிய தசைகள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றின் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு சேர்க்கிற நாரை, திசை மாற்றித் தைத்து, மடங்கிய விரலை நிமிர்த்தினார்கள்.

வலி போய்விட்டதால்தான் மீதிக் கஷ்டமெல்லாம். கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிப்பார்கள், ஆணியை மிதிப்பார்கள், தெரியாது. சிலருக்கு இரவோடு இரவாக விரல் துண்டு காணாமல் போனது. ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அவர் அசையக்கூட இல்லை. அதற்குப் பிறகு நோயாளிகள் பூனை வளர்க்க ஏற்பாடு செய்தார்கள்.

உங்கள் பெரியப்பாவின் புண்ணும் இந்த வகையாக இருக்கலாம். கரிகிரியில் ஒருமுறை காட்டுங்கள், மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பு கேளுங்கள், வெறுங்காலோடு விடாதீர்கள். தினமும் ராத்திரி படுக்கும் முன் அவர் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு உட்பட, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். "வலிக்குதா பெரியப்பா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். முள்ளே குத்தியிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வார்.