ஒரு கிருமிக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்கு ஏன் கேட்பதில்லை?

"வைரஸ், பாக்டீரியா இரண்டும் கிருமிதானே, பிறகு ஏன் வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் தருவதில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் பாரசிட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார் என்று ஊகிக்கிறேன். என் அப்பா இதைக் கேட்டபோதும் அப்படித்தான் இருந்தது.

நான் சிங்கப்பூரில் ஒரு நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யீஷூன் வீட்டில் அவருக்கு டெங்கி என்று உறுதியான அன்று, திருச்சியிலிருந்து வாங்கி வந்து பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தியிருந்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை அட்டையை எடுத்து, "கிருமியோடயே வேலை செய்யுற, இதப் போட்டா காய்ச்சல் விடுமா விடாதா, சொல்லும்மா" என்றார். அட்டையில் ஏற்கெனவே இரண்டு குறைந்திருந்தன.

அவருடைய தொழிலை வைத்தே விளக்கினேன். பாக்டீரியா ஒற்றைச் செல்லால் ஆன முழு உயிர். புரதம் செய்யச் சொந்தமாக ரைபோசோம்கள் வைத்திருக்கும், தானே இரண்டாகப் பிளந்து பெருகும். பெரும்பாலானவற்றுக்கு உறுதியான செல்சுவர் உண்டு. அச்சுவரின் இழைகள், கப்பலின் இரும்புத் தகடுகளைப் பற்றவைப்பதுபோல், குறுக்கே இணைக்கப்படுகின்றன. பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்சிசிலின் அந்தப் பற்றவைப்பைச் செய்யும் நொதியை முடக்கிவிடுவதால், வளரும் பாக்டீரியாவின் சுவர் பலவீனப்பட்டு, உள்ளே புகும் நீரின் அழுத்தம் தாங்காமல் வெடித்துப்போகிறது. டெங்கி வைரஸுக்கோ செல்சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. மரபுச்செய்தியைத் தாங்கும் ஓர் ஆர்என்ஏ இழை, அதைச் சுற்றிப் புரதம், அதன்மேல் கொழுப்புச் சவ்வு, வெளியே மீண்டும் புரதம், அவ்வளவுதான். நம் செல்லுக்குள் நுழைந்து நம்முடைய ரைபோசோம்களைக் கொண்டே தன் புரதங்களைச் செய்துகொள்கிறது. "பற்றவைப்பே இல்லாத இடத்தில் இந்த மாத்திரை எதைப்பா நிறுத்தும்?" என்றேன். அவர் அட்டையை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

குறைந்திருந்த இரண்டும் முன்பு ஒரு சளிக்குப் போட்டவை என்று பிறகு தெரிந்தது. எனக்கு மனம் வலிப்பது இங்கேதான். சாதாரணச் சளியும் வைரஸால் வருவதே. அதைத் தொடாத மருந்து குடலில் வாழும் பாக்டீரியாவைக் கொன்று, மருந்துக்கு அடங்காதவை பெருக இடம் கொடுக்கிறது. அப்படிப்பட்டவற்றை ஆய்வுத்தட்டில் பார்க்கிறேன்: மருந்து தோய்ந்த சிறு காகித வட்டத்தைச் சுற்றி, பாக்டீரியா வளராத தெளிவான வளையம் விழவேண்டிய இடத்தில், பாக்டீரியா காகிதத்தின் விளிம்பு வரை படர்ந்திருக்கும்.

காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக்கே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபுளூவைத் தொடர்ந்து பாக்டீரியா நிமோனியா வருவதுண்டு; அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பாக்டீரியாவை முழு உயிர் என்றீர்களே, வைரஸைப்போலப் பிற உயிரின் செல்லுக்குள் மட்டுமே வாழும் பாக்டீரியாவும் உண்டே என்று துறை அறிந்தவர்கள் மறுக்கக்கூடும். உண்டு. 2016 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியம் இங்கே வெளியில் விட்டுவரும், டெங்கி பரப்பும் இனமான ஏடிஸின் ஆண் கொசுக்களில் இருக்கும் வோல்பாக்கியா அப்படிப்பட்டதே; அக்கொசுக்களோடு கூடும், வோல்பாக்கியா இல்லாத பெண் கொசுக்களின் முட்டைகள் பொரிப்பதில்லை. பூச்சியின் செல்லுக்குள் ஒண்டி வாழ்ந்தாலும் வோல்பாக்கியாவுக்குச் சொந்த ரைபோசோம் உண்டு. ஆகவே ரைபோசோமை முடக்கும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அது அழிகிறது. அந்த மருந்து சென்று ஒட்டும் ரைபோசோம் டெங்கி வைரஸில் கிடையாது.