ஆப்செட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம் அண்ணா

குடியாத்தத்தில் இரண்டு நிறம் அடிக்கும் டூ கலர் ஆப்செட் அச்சு மிஷின் ஓட்டுகிறீர்கள், கல்யாணப் பத்திரிகை ஆர்டர் 1000லிருந்து 150க்கு இறங்கிவிட்டது, மிஷினை விற்றுவிட்டுக் கடனில் டிஜிட்டல் அச்சு மிஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

150 பிரதிக்கு ஆப்செட் கட்டாது, உண்மைதான். நிறத்துக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு), கலர் சேரும்வரை வீணாகும் தாள், அப்புறம் ரோலர் கழுவல். டிஜிட்டலில் பிளேட்டே கிடையாது. ஆனால் அங்கே எண்ணிக்கை கூடினாலும் ஒரு தாளை அச்சடிக்க ஆகும் செலவு பெரிதாகக் குறையாது. தவணையோ முகூர்த்தம் இல்லாத மாதத்திலும் வந்து நிற்கும். சின்ன ஆர்டர்களை வேலூரில் டிஜிட்டல் வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க்காக, கூலிக்கு அச்சடிக்கக் கொடுங்கள்; டிசைன், கட்டிங், மடிப்பு உங்களிடமே இருக்கட்டும். ஒரு வருடம் கணக்கு எழுதுங்கள். தவணையைத் தாங்கும் அளவு வேலை சேர்ந்தால் வாங்கலாம்.

ஆப்செட்டுக்கு உங்கள் ஊரிலேயே தீப்பெட்டி, லுங்கி லேபிள் இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு டேக், பெட்டி தேவை. ஏற்றுமதி செய்பவர்கள் எஃப்எஸ்சி சான்றுள்ள (காட்டைப் பொறுப்பாகப் பராமரித்து எடுத்த மரத்தில் செய்த) அட்டை கேட்பதுண்டு. கவனம்: சான்றுள்ள அட்டையை வாங்கினால் மட்டும் அந்த முத்திரையை அச்சிட முடியாது, உங்கள் அச்சகத்துக்கும் ‘செயின் ஆஃப் கஸ்டடி’ சான்று, அதாவது சான்றுள்ள அட்டை கைமாறும் வழியைக் கண்காணிக்கும் சான்று வேண்டும். செலவை விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

ரோலர் கழுவ பெட்ரோல் பயன்படுத்தினால் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த ஆவியைத் தினமும் சுவாசிப்பவர் உங்கள் மிஷின்மேன். தாவர எண்ணெய் வாஷ் காய நேரம் பிடிக்கும். இருந்தாலும் அதற்கே மாறுங்கள்.