வளைவில் வேகத்தடை வேண்டாம், வளைவுக்கு முன்னாடி போடுங்க

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் உங்க தெரு வளைவில் காம்பவுண்டு சுவர் மறைக்குது, பைக் வேகமா வருது, வளைவிலேயே வேகத்தடை போடலாமான்னு கேட்டிருக்கீங்க. அங்கே போடாதீங்க. சாய்ஞ்சு திரும்புற பைக் தடையில் ஏறினா சறுக்கும், விழுறது நடந்து போறவங்க மேலதான்.

முதல்ல பார்வைத் தூரத்தை அளங்க. ஓட்டுறவர் கண் மட்டமான 1.2 மீட்டர் உயரத்தில் போன் கேமராவைப் பிடிச்சு, எதிர்ல ஒரு பிள்ளையை ஓரமா நிக்க வைங்க. பிள்ளை முழுசாத் தெரியிற இடம் வரைக்கும் டேப் பிடிங்க. 40 கி.மீ. வேகத்தில் வண்டி நிக்க 45 மீட்டர் வேணும், 30-க்கு 30 மீட்டர். உங்களுக்கு 20 மீட்டர்தான் கிடைக்குதுன்னா வேகம் 20-க்கு இறங்கியே ஆகணும்.

தடை இரண்டு பக்கமும் வளைவு தொடங்குறதுக்கு முன்னாடி, நேரான இடத்தில் வரணும். ஐ.ஆர்.சி. (சாலை விதிமுறைகளை வகுக்குற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) சொல்ற அளவு, வண்டி போற திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். ராத்திரியோட ராத்திரியா சிமென்ட் கொட்டி எழுப்புற குறுகலான மேடு ஆளைத் தூக்கிப் போடும். வெள்ளைப் பட்டையும் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் கட்டாயம்.

வளைவில் மாட்டுற குவி கண்ணாடி உதவும், ஆனா வண்டியைத் தூரமாக் காட்டும். அதை மட்டும் நம்பக் கூடாது.

அதுவரைக்கும் பிள்ளைங்க வளைவின் வெளிப்பக்கமா நடக்கட்டும். உள்பக்கச் சுவரோரம்தான் ஆபத்து, கடைசி நொடி வரை ஆள் தெரியாது. அங்கே நிறுத்துற வண்டிகளை இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க.

அளவு, போட்டோவோட நகராட்சியிலும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க.