யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?
வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், நம் நாட்டில் மத்திய ஆட்சியும் மாநில ஆட்சியும் எப்படிப் பங்கு பிரித்துக்கொண்டு நடக்கின்றன என்பது பற்றிப் பத்துக் கேள்வி கொடுத்திருந்தேன். விடை எழுதியவர்களைவிடச் சண்டைக்கு வந்தவர்கள் அதிகம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. விடைகளைத் தனியாக அச்சடிக்கவில்லை. உங்கள் கேள்விகளுக்குள்ளேயே சொல்லிவிடுகிறேன்.

பத்துக்கு நாலுதான் சார் வாங்கினேன். எட்டாவது படிக்கிற என் பையன் ஏழு வாங்கிவிட்டான். முப்பது வருடமாக ஓட்டுப் போடுகிற எனக்கு ஏன் இந்த நிலை?
- கரோல் பாக் வாசகர்

பையன் பரீட்சைக்குப் படித்திருக்கிறான், நீங்கள் படிக்கவில்லை. அவ்வளவுதான். நான் 1979ல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தில்லி வந்து இறங்கியபோது எனக்கு நாலு மார்க்கூடத் தேறியிருக்காது.

ஒரு அமைச்சகத்தில் எல்.டி.சி., அதாவது கீழ்நிலை குமாஸ்தா வேலை. காலையில் தபால் பையைப் பிரித்ததும் முதல் காரியம், எது நம்முடையது, எது மாநிலத்துடையது என்று தரம் பிரிப்பது. கிணறு வற்றிவிட்டது, பக்கத்து நிலத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான், எங்கள் ஊரில் ரயில் நிற்பதில்லை என்று எல்லாவற்றையும் நேரே பிரதமருக்குத்தான் எழுதுவார்கள். என் செக்ஷன் ஆபீசர் பாலக்காட்டுக்காரர். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை டைப் அடித்துச் செருகி வைத்திருப்பார். 1950ல் எழுதியபடி மத்தியப் பட்டியலில் 97 இனங்கள், மாநிலப் பட்டியலில் 66, இரண்டு பேருக்கும் சேர்ந்த பொதுப்பட்டியலில் 47. பின்னால் சில கூடின, சில இடம் மாறின. ரயில் கடிதம் மத்திய அரசுக்கு. கிணறும் வேலியும் மாநிலத்துக்கு. ஆறு மாதத்தில் எனக்குக் கண்ணாடியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

உங்களைப் போலவே பலரும் தவறவிட்டது இரண்டாவது கேள்வி: எந்தப் பட்டியலிலும் இல்லாத புது விஷயம் வந்தால் அது யாருக்கு? இங்கே மத்திய அரசுக்கு. அமெரிக்காவில் நேர் எதிர். மிச்சமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும். பையனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவனும் இதில்தான் விழுந்திருப்பான்.

எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. முதலமைச்சருக்கு எழுதினேன், பதில் இல்லை. தில்லியில் யாரிடம்தான் போவது?
- மயூர் விஹார் வாசகி

அம்மா, இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பத்துக்குப் பத்து போட்டுவிடுவேன்.

1994 மழைக்காலத்தில் எங்கள் காலனியிலும் இதே கதை. மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன், பெயர்கள் வேண்டாம். முதல் இடத்தில், "தண்ணீர்தான் எங்களுடையது, இது தண்ணீர் இல்லையே" என்றார்கள். இரண்டாவது இடத்தில், மூடி அவர்களுடையதாம், மூடிக்கு அடியில் இருப்பது அவர்களுடையது இல்லையாம். மூன்றாவது இடத்தில் மனுவை மரியாதையாக வாங்கி, முத்திரை குத்தி, முதல் இடத்துக்கே அனுப்பிவைத்தார்கள். பதினைந்து வருடம் ஊரார் தபாலைத் தரம் பிரித்தவன், என் வீட்டு வாசல் சாக்கடையைத் தரம் பிரிக்கத் தெரியாமல் நின்றேன்.

இன்றைய நிலவரம் இது. அடைத்திருப்பது கழிவுநீர்க் குழாய் என்றால் ஜல் போர்டு, அதாவது குடிநீர் வாரியம். அது தில்லி அரசைச் சேர்ந்தது. ஓரத்தில் ஓடும் மழைநீர்க் கால்வாய் என்றால் சாலையின் அகலத்தைப் பாருங்கள். அறுபது அடியும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலும் பொதுப்பணித் துறை, உள்தெரு என்றால் மாநகராட்சி. அந்த மாநகராட்சியை 2012ல் மூன்றாக உடைத்தது தில்லி சட்டமன்றம் போட்ட சட்டம். 2022ல் மறுபடி ஒன்றாக ஒட்டியது நாடாளுமன்றம். நீங்கள் கன்னாட் பிளேஸ் பக்கம் இருந்தால் புது தில்லி நகராட்சிக் கவுன்சில். கன்டோன்மென்ட் என்றால் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள வாரியம். காலி மனை பெரும்பாலும் தில்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ. உடையது. அது மத்திய அரசு. ஆக, முதலமைச்சருக்கு எழுதுவதற்கு முன் ஒரு இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஏன் இப்படி? தில்லி மாநிலம் இல்லை. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம். 1991ல் வந்த 69ஆவது திருத்தம் 70 பேர் கொண்ட சட்டமன்றத்தைத் தந்தது. 1993ல் முதல் தேர்தல். மாநிலப் பட்டியலில் பெரும்பாலானவை அந்தச் சபைக்கு உண்டு. பொது ஒழுங்கு, போலீஸ், நிலம் இந்த மூன்றும் கிடையாது. உங்கள் ஸ்கூட்டர் திருடு போனால் அந்த ஸ்டேஷன் மத்திய உள்துறையின் கீழ் வருகிறது. தில்லி முதலமைச்சரால் ஒரு கான்ஸ்டபிளைக்கூட இடம் மாற்ற முடியாது. ஊரிலிருந்து வரும் என் அக்கா மகன் இதை இன்னும் நம்பவில்லை. "முதலமைச்சர்னு சொல்றீங்க, போலீஸ் இல்லையா மாமா?" என்கிறான்.

அதிகாரிகள் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதில்தான் பெரிய சண்டை. மூன்று விஷயங்கள் தவிர மற்றவற்றில் துணைநிலை ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று 2018ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். 2023 மே 11ல் அதிகாரிகள் விஷயமும் தில்லி அரசுக்கே என்றார்கள். எட்டே நாளில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. ஆகஸ்டில் அது நாடாளுமன்றத்தின் சட்டமாயிற்று. அதன்படி இடமாற்றத்துக்கு மூன்று பேர் குழு: முதலமைச்சர், தலைமைச் செயலாளர், உள்துறை முதன்மைச் செயலாளர். பெரும்பான்மைதான் முடிவு. இரண்டு அதிகாரிகள் சேர்ந்தால் முதலமைச்சர் தோற்பார். கடைசி வார்த்தை துணைநிலை ஆளுநருடையது. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவரை இப்படி உட்கார வைப்பது எனக்கு ஒப்பவில்லை. தலைநகரத்தை மத்திய அரசு முழுசாக விட்டுவிட முடியாது என்கிற வாதமும் புரியத்தான் செய்கிறது.

ஆஸ்பத்திரி கேள்வியில் நீங்கள் முழு மார்க் வாங்கியிருக்கிறீர்கள். எய்ம்ஸ், சஃப்தர்ஜங் இரண்டும் மத்திய அரசு. லோக்நாயக் தில்லி அரசு. ஹிந்து ராவ் மாநகராட்சி. அனுபவம் போலிருக்கிறது.

சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப முடியாது என்று எழுதினேன். தவறு என்றுவிட்டீர்கள். எப்படி?
- முனிர்கா வாசகர்

முடியும், ஒரு தடவை. பண மசோதா தவிர மற்றதை மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். சட்டமன்றம் அதையே திரும்ப நிறைவேற்றி அனுப்பினால் அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. இது பிரிவு 200. குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைப்பது என்று இன்னொரு வாசலும் அதில் இருக்கிறது. எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்? "கூடிய விரைவில்" என்கிறது அரசியலமைப்பு. கோப்பில் "கூடிய விரைவில்" என்று எழுதிய பல விஷயங்கள் எங்கள் அலமாரியில் இரண்டு வருடம் தூங்கியிருக்கின்றன, எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டின் பத்து மசோதாவை ஆளுநர் நிறுத்திவைத்த வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் கெடு விதித்தார்கள். குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு அந்த நவம்பரில் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள், நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்றார்கள். காரணமே இல்லாமல் காலவரையின்றிக் கிடப்பில் போட்டால் மட்டும், ஒரு முடிவெடுங்கள் என்று சொல்லலாம் என்றார்கள்.

கல்வி முன்பு மாநிலத்திடம் இருந்தது என்கிறார்களே, யார் எடுத்துக்கொண்டார்கள்? பொதுப்பட்டியலில் இருந்தால் மாநிலச் சட்டம் செல்லவே செல்லாதா?
- ஆர்.கே.புரம் வாசகி, ஓய்வுபெற்ற ஆசிரியை

1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தம் எடுத்தது. கல்வி, காடு, எடை-அளவு, வனவிலங்கு பறவைப் பாதுகாப்பு, நீதி நிர்வாகம் என்று ஐந்து விஷயங்கள் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போயின. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்த நேரம் அது. வேறு எந்த நேரத்தில் செய்திருந்தாலும் மாநிலங்கள் இவ்வளவு சுலபமாக விட்டிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

பொதுப்பட்டியலில் இருவரும் சட்டம் போடலாம். இரண்டும் மோதினால் மத்தியச் சட்டம் நிற்கும். ஆனால் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டால் அந்த மாநிலத்துக்குள் அதுதான் செல்லும். இது பிரிவு 254. இதற்கு நமக்கு ஜல்லிக்கட்டைவிட நல்ல பாடம் இல்லை. விலங்கு வதைத் தடுப்பு பொதுப்பட்டியல் விஷயம். மத்தியச் சட்டம் 1960லிருந்து இருக்கிறது. 2014ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியதும் தமிழ்நாடு முதலில் அவசரச் சட்டம் போட்டது, இரண்டு நாளில் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வந்தது. 2023 மே 18ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. கடற்கரையில் நின்ற பிள்ளைகள் யாரும் பிரிவு 254ஐப் படித்துவிட்டு வந்திருக்க மாட்டார்கள். காளை உள்ளே நுழைந்தது என்னவோ அந்த வாசல் வழியாகத்தான்.

என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அங்கே செனட்டில் எல்லா மாநிலத்துக்கும் இரண்டு பேர் என்கிறாள். இங்கே ஏன் அப்படி இல்லை?
- துவாரகா வாசகர்

அங்கே தனித்தனியாக இருந்த மாநிலங்கள் சேர்ந்து ஒரு நாட்டை உண்டாக்கின. சின்ன மாநிலங்கள் சம இடம் கேட்டு வாங்கின. அதனால் நாலு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு, பத்து லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு. இங்கே மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, தில்லிக்கு 3, சிக்கிமுக்கு 1. நம் நாட்டில் மாநிலத்தையே நாடாளுமன்றம் உருவாக்கும், பிரிக்கும். ஆந்திரச் சட்டமன்றம் வேண்டாம் என்று சொல்லியும் 2014ல் தெலங்கானா பிறந்தது. சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றுதான் பிரிவு 3 சொல்கிறது. கேட்டபடி நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

குடியரசுத் தலைவர் தேர்தலில் எல்லா எம்.எல்.ஏ. ஓட்டும் சமம்தானே?
- லட்சுமிபாய் நகர் வாசகர்

இல்லை. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 208, தமிழ்நாடு 176, தில்லி 58, சிக்கிம் 7. இன்னும் 1971 மக்கள்தொகைக் கணக்குதான் இதற்கு அடிப்படை.

மயூர் விஹாரில் ஒரு விலை, பாலம் தாண்டி நொய்டா போனால் பெட்ரோல் வேறு விலை. ஒரே நாடு, ஒரே வரி என்றார்களே?
- அதே மயூர் விஹார், வேறு வாசகர்

பெட்ரோலுக்கு அந்த வரி வரவில்லை. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தாலும் பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தும் வெளியே நிற்கின்றன. மத்திய அரசின் கலால் வரி எங்கும் ஒன்று. அதன் மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் வாட் வரியைப் போடுகிறது. உள்ளே கொண்டுவருவது ஜி.எஸ்.டி. கவுன்சிலின் கையில். அங்கே ஓட்டு எடுத்தால் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாநிலங்கள் அத்தனையும் ஒன்று சேர்ந்தாலும் மத்திய அரசு இல்லாமல் நடக்காது. மத்திய அரசாலும் தனியாக முடியாது. குடும்பத்தில் பாகப்பிரிவினை செய்த யாரோ உட்கார்ந்து எழுதிய கணக்கு மாதிரி இருக்கிறது.

ஐயா, போன இதழில் நீங்கள் ஒரு குறிப்பு கொடுத்திருந்தீர்கள்: "அமைச்சர்கள் எண்ணிக்கை சட்டமன்றத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஆகவே தில்லியில் 10 பேர் வரை இருக்கலாம்." தில்லியில் 7 பேர்தான். நீங்கள் எழுதியது தப்பு என்று நினைக்கிறேன்.
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, லோதி காலனி

தப்புதான், பாப்பா. 15 சதவீதம் என்பது 2003ல் வந்த 91ஆவது திருத்தம், மாநிலங்களுக்கு. தமிழ்நாட்டில் 234க்கு 35 பேர், முதலமைச்சரையும் சேர்த்து. தில்லிக்கென்றே இருக்கும் பிரிவு 239ஏஏ பத்து சதவீதம் என்கிறது; 70க்கு 7. நாற்பது வருடத்துக்கு மேல் தில்லியில் குப்பை கொட்டியும், தில்லியை மாநிலம் என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். உனக்குப் பத்துக்குப் பத்து. எனக்கு ஒன்பது. உன் ஆசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம், என் அக்கா மகனிடம் மட்டும் காட்டிவிடாதே.