டிக் டிக் என்று சத்தம் போடும் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படங்களை எடுக்க முடியுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: ஒரு டெராபைட் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க், சொருகினால் டிக் டிக் என்று சத்தம், ஒரு நேரம் டிரைவ் தெரிகிறது, இன்னொரு நேரம் ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கிறது, உள்ளே இருப்பதெல்லாம் வீட்டுப் படங்கள்.

முதலில் அதைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். இன்னொரு தடவை சொருகிப் பார்ப்போமே என்று கை பரபரக்கும், எனக்கும் பரபரத்தது. ஃபார்மட் கேட்டால் கேன்சல் கொடுங்கள். யாராவது செக் டிஸ்க் ஓட்டு என்று சொன்னால் இப்போதைக்குக் காதில் வாங்காதீர்கள். அது ஃபைல் அமைப்பைச் சீராக்கும் வேலையைத்தான் பார்க்கும், உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. நோய்வாய்ப்பட்ட டிஸ்க்கில் அதை ஓட்டினால் இருக்கிற பெயர்ப்பட்டியலையும் சிதைத்துவிட வாய்ப்பு உண்டு.

எனக்கு இதில் இரண்டு அனுபவம். ஒன்று என் சொந்த டிஸ்க், அதில் நான் பட்ட வெப்ராளம் எல்லாம் வீண், ஏனென்றால் டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. பழைய டெஸ்க்டாப்பின் முன்பக்க யூஎஸ்பி துளையில் சொருகியிருந்தேன். இந்தச் சின்ன டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி கொடுக்கும் 5 வோல்ட்டிலேயே ஓட வேண்டும். யூஎஸ்பி 2.0 முறைப்படி 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 என்றால் 900. உள்ளே தகடு சுழல ஆரம்பிக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடியில்தான் டிஸ்க் அதிகம் இழுக்கும். அப்போது கரண்ட் போதவில்லை என்றால் சுற்ற ஆரம்பித்து, நின்று, மறுபடி சுற்றி, தலை (தகட்டைப் படிக்கும் முனை) போன டிஸ்க் மாதிரியே டிக் டிக் என்று சத்தம் போடும். பின்பக்கத் துளைக்கு மாற்றி, நாகர்கோவிலில் ஒரு கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய புது கேபிளைப் போட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. பழைய கேபிளின் அந்த அகலமான முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு. நம் ஊர் உப்புக்காற்று கேட்டின் கீலை மட்டுமா தின்னும்?

அதனால் கேபிள், துளை, வேறு கம்ப்யூட்டர், இந்த மூன்றையும் ஒரே ஒரு சுற்று மாற்றிப் பாருங்கள். யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேராகச் சொருகுங்கள். அப்போதும் அதே தாளத்தில் டிக், டிக், டிக் என்று வந்தால் நிறுத்திவிடுங்கள். தலை தகட்டைப் படிக்க முடியாமல் ஓரத்துக்குப் போய் மறுபடி மறுபடி முயற்சி செய்கிற சத்தம் அது. பீப் மாதிரி மெல்லிய முனகல் வந்தால் மோட்டார் சுழல முடியாமல் திணறுகிறது, பெரும்பாலும் தலை தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் வீட்டில் வைத்தியம் கிடையாது. படங்கள் அவ்வளவு முக்கியம் என்றால் தூசி இல்லாத அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவு நிறைய ஆகும், அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். திறந்து பார்க்கிறேன் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். ஃப்ரீஸரில் வைத்தால் சரியாகும் என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், இந்த ஈரக்காற்றில் வெளியே எடுத்த நிமிஷமே உள்ளே தண்ணீர் பூத்துவிடும்.

இரண்டாவது, குளச்சல் பக்கம் இருக்கும் என் மாமாவின் டிஸ்க். கல்ஃபிலிருந்து திரும்பி வந்தபோது கொண்டுவந்தது, மகள் கல்யாண வீடியோ, வீடு கட்டிய படங்கள், 2017 ஒக்கி புயலில் ரப்பர் மரங்கள் வரிசையாக விழுந்து கிடந்த படங்கள் எல்லாம் அதில்தான், வேறு எங்கும் இல்லை. இதில் டிக் சத்தம் இல்லை. அமைதியாகச் சுற்றும், ஆனால் டிரைவ் வர ஐந்து நிமிஷம் ஆகும், வந்தால் ஃபார்மட் கேட்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அதில் பார்க்க வேண்டியது 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள். 05 என்றால் ஏற்கெனவே கெட்டு வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்கள் (டேட்டா எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்), சி5 படிக்க முடியாமல் காத்துக்கிடப்பவை, சி6 தேறவே தேறாதவை. சி7 மட்டும் ஏறியிருந்தால் உள்ளே டேட்டா போகும் இணைப்பில் கோளாறு இருக்கலாம். மாமா டிஸ்க்கில் சி5 வரியில் 138 என்று இருந்தது. அந்த எண் பதினாறின் அடிமானத்தில் காட்டுவது, அதாவது நம் கணக்கில் 312. அதுவரை தெரிந்த கெட்ட இடம் எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை எம்பிக்குமேல் வராது. ஆனால் அதில் சில செக்டார், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் அட்டவணையிலேயே விழுந்திருந்தது, ஃபார்மட் கேட்டது அதனால்தான். (டிஸ்க்கை மூடியிருக்கும் சில பெட்டிகளில் யூஎஸ்பி வழியாக இந்த விவரம் வராது, பயப்பட வேண்டாம்.)

இந்த நிலையில் ரிப்பேர் எதுவும் செய்யாமல் முதலில் முழு டிஸ்க்கையும் நகல் எடுக்க வேண்டும். சாதாரண காப்பி பேஸ்ட் கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும், டிஸ்க் அதற்குள் இன்னும் சூடாகும். டிடிரெஸ்க்யூ என்று லினக்ஸில் ஒன்று உண்டு, பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கும் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸில் அதுவே உள்ளே இருக்கும். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும், கெட்ட இடத்தைத் தாண்டிப் போய்க் கடைசியில்தான் திரும்பி வந்து சுரண்டும். எது முடிந்தது எது பாக்கி என்று ஒரு மேப் ஃபைலில் எழுதி வைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊர் மழைக்காலத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை நான்கு தடவை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் ஏறிவிடும், அதற்கு மேல் கண்ணீர்தான். நகல் எடுக்கும் டிஸ்க் பழையதைவிடப் பெரியதாக இருக்கட்டும்.

நல்ல பகுதி ஆறு மணி நேரத்தில் முடிந்தது, மீதியைச் சுரண்ட இரண்டு இரவு. மாமி இடையிடையே வந்து திரையில் ஏறும் எண்ணைப் பார்த்து, "படம் வந்தாச்சா மக்ளே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். படிக்கப் படிக்க இன்னும் கெட்ட இடங்கள் தெரிந்தன, கடைசியில் 40 எம்பி அளவுக்குத்தான் வரவில்லை. அப்புறம் அந்த நகலின் மேல் டெஸ்ட் டிஸ்க் என்ற மென்பொருளை ஓட்டினேன். விண்டோஸ் டிஸ்க்கில் அந்த அட்டவணையின் முதல் சில பதிவுகளுக்கு வேறொரு இடத்தில் இன்னொரு பிரதி இருக்கும், அதை வைத்து அது அட்டவணையைச் சரிசெய்தது, ஃபோல்டர்கள் பெயரோடு வந்துவிட்டன. அது கைகொடுக்கவில்லை என்றால் கூடவே வரும் ஃபோட்டோ ரெக் படங்களை எடுத்துத் தரும், ஆனால் பெயர் எல்லாம் போய் வெறும் நம்பராக வரும், உட்கார்ந்து பிரிக்க ஒரு மாதம் ஆகும்.

வராத 40 எம்பியில் ஒரு பங்கு கல்யாண வீடியோவில் விழுந்திருந்தது. தாலி கட்டி முடிந்து பந்திக்கு எழும்பும் இடத்தில் இரண்டு விநாடி பச்சைக் கட்டங்களாக வந்து போகும். மாமாவிடம் காட்டினேன். ஒரு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தவர், "இது டிஸ்க்கு கோளாறு இல்ல மக்ளே, அப்பம் கரண்டு போச்சு" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு பார்க்க ஆரம்பித்துவிட்டார்.