சார்ஜனைக் கேளுங்கள்: ஓடுகிறவன் எல்லாம் திருடனா?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, ஆட்டிசம். சாயங்காலம் தோட்டத்துச் சாலையில் தனியாக நடப்பான். போன மாதம் ரோந்து வந்த போலீஸ்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். பயந்து ஓடியவனைப் பிடித்துக் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். போலீஸுக்கு இதையெல்லாம் சொல்லித் தரவே மாட்டார்களா ஐயா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: படித்ததும் வயிறு எரிந்தது தங்கச்சி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காவாட் (அணிவகுப்பு), துப்பாக்கி, சட்டம், இவ்வளவுதான் பாடம். கண்ணைப் பார்க்க மாட்டான், கேட்டதற்குப் பதில் வராது, கையை உதறிக்கொண்டே இருப்பான், தொட்டால் திமிறுவான் – போதையில் இருப்பவனை இப்படித்தான் கண்டுபிடி என்று எங்களுக்குச் சொன்னார்கள். உங்கள் பிள்ளையும் பயந்தால் அப்படியேதான் இருப்பான். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

சுழலும் விளக்கு, சைரன், இரண்டு பேர் ஒரே நேரத்தில் மலாயில் அதட்டுவது. வீட்டில் தமிழே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் எது புரியும்? சில பிள்ளைகள் கேட்ட வார்த்தையையே திருப்பிச் சொல்வார்கள். "நீ எடுத்தாயா?" என்றால் "எடுத்தாயா" என்பான். அவசரக்காரர் அதை ஒப்புதல் என்று எழுதிக்கொண்டால் போச்சு.

குப்புற அழுத்துவது உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் 2013-இல், டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ள 26 வயது இளைஞர் தியேட்டரில் படம் முடிந்தும் எழுந்து போக மறுத்தார். இன்னொரு முறை பார்க்க ஆசை, டிக்கெட் இல்லை. அம்மா வந்துகொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று கூட வந்த உதவியாளர் சொல்லியும், பாதுகாப்பு வேலையில் இருந்த மூன்று அதிகாரிகள் விலங்கிட்டு இழுக்கப் போக, மூச்சடைத்து இறந்தார். ஒரு டிக்கெட் காசு! அதன் பிறகுதான் அங்கே இத்தகைய குறைபாடு உள்ளவர்களையே பயிற்றுநர்களாக்கி, போலீஸுக்குப் பாடம் எடுக்கவைக்கச் சட்டம் வந்தது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. பவர்பாயின்ட் படம் பார்த்துத் தூங்குகிறவன்கூட, எதிரே ஒரு பிள்ளை நின்று பேசினால் விழித்துக்கொள்வான்.

நம் நாடும் 2010-இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. போலீஸுக்கும் சிறை ஊழியர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று அதன் 13-ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது. 2008-ஆம் ஆண்டு ஓகேயு (மாற்றுத்திறனாளிகள்) சட்டம் வேறு இருக்கிறது. ஆனால் மீறினால் இன்ன தண்டனை என்று அதில் ஒரு வரி கிடையாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு பகல் நேரத்தில், கூட்டமில்லாதபோது, மகனைக் கூட்டிக்கொண்டு பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். ரோந்து போகிறவர்கள் முகத்தைப் பார்க்கட்டும், அவனும் சீருடையைப் பார்த்துப் பழகட்டும். படத்தையும் உங்கள் போன் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். சமூக நலத்துறை தரும் ஓகேயு கார்டைக் கழுத்துக் கயிற்றில் வெளியே தொங்கவிடுங்கள், பாக்கெட்டில் வேண்டாம். இருட்டில் ஒருவன் பாக்கெட்டுக்குள் கை விட்டால் போலீஸ்காரன் கத்தி என்றுதான் நினைப்பான். ஒருவேளை கைது என்றே ஆகிவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28A-இன்படி குடும்பத்துக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல உரிமை உண்டு. தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீலையும் கேட்கலாம்.

கேள்வி: ஒரு நாள் வகுப்பு எடுத்தால் போலீஸ் மாறிவிடுமா? சும்மா கண்துடைப்புத்தானே?
– வாசகர், பீடோங்

பதில்: ஒரு நாளில் மாறாது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், மனநோயாளி ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு 1988-இல் தொடங்கிய பயிற்சி 40 மணி நேரம். அதிலும் பெரும்பாடு, பேச்சை மெதுவாக்கி நேரத்தை இழுக்கப் பழக்குவதுதான். எங்களுக்கு அது வேப்பங்காய். மேலிருப்பவர்களும் "சீக்கிரம் முடி" என்றே விரட்டினால் எந்த வகுப்பும் மனதில் நிற்காது.

கேள்வி: தம்பிக்குக் காது கேட்காது, வாய் பேச வராது. ஆபத்து என்றால் 999-க்கு எப்படிச் சொல்வான்?
– வாசகி, தாப்பா

பதில்: பேசாமலே 999-க்குத் தகவல் அனுப்பக் கைபேசிச் செயலி இருக்கிறது. இன்றைக்கே பதிவு செய்துவையுங்கள், வீடு எரியும்போது பதிவு செய்ய முடியாது. இன்னொன்று, இதைப் படிக்கும் போலீஸ் தம்பிகளுக்கு: சைகையில் பேசுகிறவரின் கையைப் பின்னால் கட்டினால் அவர் வாயையே கட்டியதாகும். விலங்கு அவசியமென்றால் முன்பக்கம் மாட்ட முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: அம்மா ஸ்ட்ரோக் வந்து படுக்கையில். நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் தீப்பிடித்தால்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பொம்பா (தீயணைப்பு) நிலையத்தில் போய் வீட்டு முகவரியையும், அம்மா எந்த அறையில் படுத்திருக்கிறார் என்பதையும் சொல்லி வையுங்கள். ஒருமுறை டேவான் மண்டபத்தில் நடந்த பயிற்சியில், சக்கர நாற்காலிப் பெண் ஒருத்தியைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். ஒரு வாட்டசாட்டமான பையன் சட்டென்று அவள் அக்குளில் கை கொடுத்தான். "இந்தத் தோள் கழன்றுவிடும். முதலில் என்னைக் கேளுங்கள்" என்றாள் அவள். பையனுக்குக் காது சிவந்துவிட்டது. அம்மாவுக்கு எந்தப் பக்கம் வராது, எங்கே பிடித்தால் வலிக்கும் என்று பெரிய எழுத்தில் மலாயில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். அப்புறம் அந்த ஜன்னல் கிரில் பூட்டு. சாவி உங்கள் பாக்கெட்டில் இருந்து என்ன பிரயோஜனம்? ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.