எங்கள் தட்டில் 2 ரிங், அவர்கள் தட்டில் 9 ரிங்

கேள்வி: லென்ஸ், பிரிசம் போன்ற துல்லிய ஒளியியல் பொருள்கள் செய்யும் கம்பெனி எப்படி வளர்கிறது? சின்னப் பட்டறையாக ஆரம்பித்துப் பெரிய ஆளாக முடியுமா?

முடியும். ஆனால் மெஷின் மேல் மெஷினாக வாங்கிப் போட்டு வளர்கிற தொழில் இல்லை இது. வியாசர்பாடிப் பக்கம் ஒரு லென்ஸ் பட்டறையில் பதினோரு வருடம் இருந்தேன். சேரும்போது ஏழு பேர், விட்டு வரும்போது நாற்பதுக்கு மேல். நடுவில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

கண்ணாடியை முதலில் எமரி என்கிற கரகரப்பான பொடியில் அரைப்போம். அப்புறம் பிட்ச் என்கிற, கீல் மாதிரியான பொருளின் மேல் சீரியம் ஆக்ஸைடு என்கிற மெருகுப் பொடியைத் தண்ணீரில் கலந்து ஊற்றி பாலிஷ் போடுவோம். இந்த பிட்சுக்கும் சென்னைக்கும் ஆகவே ஆகாது. சித்திரையில் இளகி வடிவம் மாறிவிடும், மார்கழிக் காலையில் இறுகிப்போய் கண்ணாடியில் கீறல் போடும். ஏசி இல்லாத காலத்தில், பிட்சில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தே அன்றைக்கு வேலை ஓடுமா ஓடாதா என்று சொல்லிவிடுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் நைனா.

பாலிஷ் சரியா என்று பார்க்க டெஸ்ட் பிளேட் உண்டு. லென்ஸ் குவிந்திருந்தால் அதே அளவுக்குக் குழிந்த ஒரு கண்ணாடித் தட்டு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். நியூட்டன் வளையங்கள் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பட்டறையில் ரிங் என்பார்கள். ஒரு ரிங் தெரிந்தால், லென்ஸ் தட்டின் வளைவிலிருந்து அந்த ஒளியின் அலைநீளத்தில் பாதி அளவு விலகியிருக்கிறது என்று அர்த்தம். ரிங் குறையக் குறைய நல்லது. ஒரு மில்லிமீட்டரை 3,400 கூறு போட்டால் அதில் ஒரு கூறு. இதை அளக்க எந்த மெஷினும் வேண்டாம், கண்ணும் விளக்கும் போதும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு இரண்டு நாள் வேலையே ஓடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நில அளவைக் கருவி செய்யும் ஒரு கம்பெனிக்கு 240 லென்ஸ் அனுப்பினோம். மூன்று ரிங்குக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. எங்கள் தட்டில் எல்லாமே 2 ரிங்தான். பத்து நாளில் மொத்த சரக்கும் திரும்பி வந்தது. அவர்கள் தட்டில் 9 ரிங் காட்டியதாம். அவர்களைத்தான் முதலில் திட்டினோம். அப்புறம் தோண்டிப் பார்த்தால், எங்கள் அசல் தட்டு என்றைக்கோ ஓரம் உடைந்து, அதைப் பார்த்து ஒரு நகல், அந்த நகல் கீறல் விழுந்ததும் அதற்கு இன்னொரு நகல் என்று போட்டிருக்கிறார்கள். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதை. ஒவ்வொரு நகலிலும் மூன்று நாலு ரிங் தள்ளிப் போயிருக்கிறது.

நைனா சொன்னார்: "நம்ம கண்ணாடில ரெண்டு ரிங்கு தாம்பா கீது. நம்ம கண்ணாடியே தப்புன்னா நான் இன்னா பண்றது?"

முதலாளி அப்போது இரண்டு பாலிஷ் மெஷின் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பணத்தில் புதிய தட்டுகளும், ஒளிக்கோடுகளைத் திரையில் காட்டி வளைவை அளக்கிற இன்டர்ஃபெரோமீட்டர் கருவி ஒன்றைப் பழையதாகவும் வாங்கினார். வீட்டில் அவருக்கு நல்ல அர்ச்சனை நடந்தது என்று கேள்வி. என்னைக் கேட்டால், அன்றைக்குத்தான் பட்டறை கம்பெனி ஆனது.

அந்தக் கருவியும் சும்மா வேலை செய்யவில்லை. வெளியே கன்டெய்னர் லாரி போனால் உள்ளே திரையில் கோடுகள் நடுங்கும், ரயில் போனால் கலைந்தே போகும். காசிமேட்டில் கல்லறைக் கல் செதுக்குகிறவரிடம் கனமான கருங்கல் பலகை ஒன்று வாங்கி, காற்றடைத்த பழைய லாரி டியூப்கள் மேல் போட்டு, அதன்மேல் கருவியை வைத்தோம். கோடு நின்றது. லென்ஸ் மேல் மெல்லிய பூச்சுப் போடும் கோட்டிங், லென்ஸின் மையத்தைச் சரிசெய்யும் சென்டரிங் எல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாக வந்தவை.

பெரிய உதாரணம் வேண்டுமானால் கார்ல் சைஸைப் பாருங்கள். 1846ல் ஜெர்மனியின் யேனா ஊரில் அவரும் சின்னப் பட்டறைதான் போட்டார். லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து மைக்ராஸ்கோப் செய்த காலம். ஆயிரமாவது மைக்ராஸ்கோப் வெளியே வர 1866 ஆகிவிட்டது. அந்த வருடம்தான் அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எர்ன்ஸ்ட் அபேயைச் சேர்த்துக்கொண்டார். 1872 முதல் கணக்குப் போட்டுத்தான் லென்ஸ். ஆனால் காகிதத்தில் வந்த எண்ணைக் கண்ணாடியில் கொண்டுவர வேண்டுமே? அதற்கு டெஸ்ட் பிளேட்டைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சைஸிடம் முதல் ஆளாகத் தொழில் கற்க வந்த ஆகஸ்ட் லோபர். 1884ல் கண்ணாடி வேதியியல் நிபுணர் ஓட்டோ ஷாட்டோடு சேர்ந்து கண்ணாடி உருக்கவும் ஆரம்பித்தார்கள். 1886ல் பத்தாயிரமாவது மைக்ராஸ்கோப். முதல் ஆயிரத்துக்கும் இருபது வருடம், அடுத்த ஒன்பதாயிரத்துக்கும் இருபது வருடம்.

அபே இன்னொன்றும் செய்தார். 1900லேயே தொழிலாளிகளுக்கு எட்டு மணி நேர வேலை. இந்த இடத்தில்தான் எங்கள் முதலாளியோடு எனக்குச் சண்டை. ஒரு பையன் நல்ல பாலிஷ் போட மூன்று வருடம் ஆகிறது. அவனைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்தால், வேனும் கேன்டீனும் உள்ள ஸ்ரீபெரும்புதூர் போன் கம்பெனிக்குப் போகாமல் என்ன செய்வான்? அப்படி ஆறு பேர் போனார்கள். ஒவ்வொருவர் போனபோதும் இரண்டு மாத ஆர்டர் தள்ளிப் போனது. கருவிக்குக் கொடுத்த பணத்தில் பாதியைச் சம்பளத்தில் போட்டிருந்தால் நாற்பது பேர் எண்பது ஆகியிருப்பார்கள்.

அந்த நகல் தட்டை முதலாளி தூக்கிப் போடவில்லை. பூட்டிய பீரோவில் இருக்கிறது. புதிதாகச் சேருகிற பையனிடம் முதல் நாள் அதைக் கொடுத்து, அதற்கு ஜோடியான குவிந்த புதுத் தட்டோடு சேர்த்துப் பிடித்து ரிங்கை எண்ணச் சொல்வார்கள். ஏழு என்று சொல்லும்வரை விடமாட்டார்கள்.